தங்கப்பல் சுரங்கம்

நெவாடாவின் தலைசிறந்த எத்தனுக்கு வாய்த்த அன்பு மருமகளே,

நானும் உன் கணவன் ஹைரமும் பங்குபோட்டு வாங்கிய சுரங்கத்தில் அவன் மூன்று மாதமாக வெறும் பாறையைத் தோண்டுகிறான். தங்கம் இருப்பதாகக் காட்டி அதை எவன் தலையிலாவது கட்டலாமென்று, அவன் ஜெபத்துக்குப் போன நேரத்தில் என் தங்கப்பல்லைப் பொடியாக்கி, துப்பாக்கியில் அடைத்து அந்தச் சுரங்கச் சுவரில் சுட்டேன். திரும்பி வந்தவன் சுவரின் மினுமினுப்பைப் பார்த்து, விற்கவே மாட்டேன் என்றுவிட்டான்.

உண்மையைச் சொல்லி, வாயைத் திறந்தும் காட்டினேன்.

“போங்க மாமா, வயசானா பல்லு விழாதா? என் பங்கையும் அமுக்கத்தானே இந்தக் கதை?” என்கிறான்.

நேற்று சரிந்த பாறை நம் மாதாகோயிலைவிடப் பெரியது. அரைச் சாணில் தப்பினான்.

உனக்கு உடம்பு சரியில்லை, உடனே வீட்டுக்கு வா என்று அவனுக்கு ஒரு பொய் எழுது, கண்ணே. உண்மை பேசிப் பேசி நான் களைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பொக்கைவாய் மாமா