அக்கா, கிட்டார் வாங்கிவிட்டோம்

என்னை இடுப்பில் சுமந்தவளே, என் பாட்டுக்காரியே, பிலோமி அக்கா,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எந்தப் பெட்டியில் போட்டால் உனக்கு வந்து சேரும் என்று தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் உன்னைப் பற்றிப் பேசினால் உனக்குக் கூச்சமாக இருக்கும். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. புது கிட்டார் வாங்கியாயிற்று. விலையை மட்டும் கேட்காதே. பட்டணத்துக்கு என்னோடு வந்தது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர். சூசை மாமாவேதான்.

நீ நம்பமாட்டாய். நீ பாட, நான் வாசிக்க, அவர் எதிரே உட்கார்ந்து கேட்ட நாள் ஒன்று உண்டா? கோயிலில் பூசை நடக்கும்போதுகூட வாசலுக்கு வெளியே மணலில்தான் நிற்பார். வீட்டில் நாம் பாட்டுப் பழக உட்கார்ந்தால், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுமரத்துப் பக்கம் போய்விடுவார். "அந்த மனுசனுக்கு மீனுக்குக் கீற காதுதான்டா கீது" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அந்த ஜுரம் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து ஞாயிறுதோறும் நான் உங்கள் குப்பத்துக்குப் போய்வருகிறேன். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மகாபலிபுரத்தில் இறங்கி, கரையோரமாக வடக்கே நடப்பேன். மாமா குழம்பு வைத்திருப்பார். உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் எதைப் பேசுவது?

அவர் கடலுக்குப் போவதும் நின்றுபோனது. அவர் தம்பிமார் கட்டுமரத்தைத் தள்ளும்போது கைகொடுப்பார். அது அலையில் ஏறியதும் இவர் மட்டும் கரையிலேயே நின்றுவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது அக்கா. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பார்சல் ஆபீஸ் வேலை முடிந்தால் நேரே வீடு. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் பாண்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டால் கைவலி என்று சொல்லிவிடுவேன். நீ போனதிலிருந்து கிட்டார்ப் பெட்டியை நான் திறக்கவே இல்லை.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா கேட்டார்.

"இன்னா மச்சான், உன் பொட்டி எங்க? ஏன் எடுத்துகினு வர்றதில்ல?"

"எதுக்கு மாமா? பாட ஆளு இல்லியே."

"ஆளு இல்லாங்காட்டி இன்னா? வூடே ஊமையாக் கீது. அடுத்த வாரம் எடுத்துகினு வா."

எடுத்துப் போனேன். அவர் முன்னால்தான் பெட்டியைத் திறந்தேன். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகள் முறுக்கியபடியே அத்தனை மாதம் புழுக்கத்தில் கிடந்ததால், அவை இழுத்த இழுப்புக்கு மரம் வந்துவிட்டது. கம்பிக்கும் கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. மாமா அதைக் கையில் வாங்கி, துடுப்பு கோணலா என்று பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

"பூட்ச்சு மச்சான். இத வெச்சிகினு அழாத. பட்டணம் போய் வேற ஒண்ணு பாக்கலாம். நானும் வர்றேன்."

மவுண்ட் ரோடு பக்கம் நாம் வழக்கமாகக் கம்பி வாங்கும் அதே கடைக்குத்தான் போனோம். கடைக்கார முதலியார் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, ரொம்ப நாளாச்சே! அக்கா வரலியா?" என்று கேட்டார். மாமாதான் சொன்னார். "அவ பூட்டா ஐயா. நான் அவ வூட்டுக்காரன்." முதலியார் நாற்காலியை விட்டு எழுந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடையில் இருந்த கிட்டார்களை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி மேஜையில் வைத்தார்.

இருபது வருஷமாக வாசிக்கிறவன் கிட்டாரின் பளபளப்பைப் பார்க்கமாட்டான். முதலில் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஒவ்வொரு கம்பியையும் கட்டைக்குக் கட்டை அழுத்தி, எங்கேயாவது கரகரக்கிறதா என்று கேட்டேன். கம்பியின் சரிபாதியில் வரும் நடுக்கட்டையில் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் மேலே போகப்போக சுருதி உதைக்கும். மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்பது துளையின் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதெல்லாம் முடிந்தபோது இரண்டுதான் மிஞ்சின.

ஒன்று பெரியது, புத்தம் புதியது, கல்கத்தாவில் செய்தது. மீட்டினால் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பாண்டில் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் யார் காதிலும் விழாமல் வாசித்திருக்கிறேன்! இதுதான் என் கிட்டார் என்று மனசு அப்போதே முடிவு கட்டிவிட்டது.

இன்னொன்று சின்னது. கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா விட்டுப்போனதாம். தேன் நிறம். விலாவில் ஒரு விரிசல். யாரோ உள்பக்கம் மரப்பட்டி கொடுத்து ஒட்டியிருந்தார்கள். நகத்தால் தடவிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். நல்ல ஒட்டு, சத்தத்தில் குறை இல்லை. கழுத்து மட்டும் என் கைக்குக் கொஞ்சம் தடிமன்.

வாசிக்கிறவன் காதை நம்பக்கூடாது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். மடியில் இருக்கும் பெட்டி வாசிக்கிறவனிடம் ஒன்று சொல்லும், எதிரே இருக்கிறவனிடம் வேறொன்று சொல்லும். கம்பி மாற்றும்போதெல்லாம் நீ கடை வாசலில் போய் முதுகைக் காட்டி நின்று கேட்டுச் சொல்வாயே. இப்போது யாரைக் கேட்பது? கிட்டாரை மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

மாமா ஏற்கனவே வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றிருந்தார்.

"வாசி மச்சான். எது எதுன்னு சொல்லாத. இப்டித்தான் நிப்பேன்னு அவ சொல்லிக்கீறா."

மாற்றி மாற்றி வாசித்தேன். ரோட்டில் ஜட்காவும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அவர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார்.

"மொதல்ல வாசிச்சது கத்துது. கிட்ட நின்னா நல்லாத்தான் இருக்கும் போல. வாசலாண்ட வர்றப்ப ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து, இன்னா சொல்லுதுன்னே புரியல. ரெண்டாவது கத்தல. ஆனா ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா வந்து சேருது." வாசலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அவ பாடறதுக்கு எடம் வுடுது."

இரண்டாவது, அந்தச் சின்ன கிட்டார்.

நான் கேட்டேன். "உனக்கு எப்டி மாமா இதெல்லாம்? நீதான் எப்பவும் வெளியே நிப்பியே?"

"உள்ள குந்தினா ஒருத்தன் இருமுவான், கொழந்த அழுவும். வெளிய நின்னாத்தான் அவ கொரலு தனியா வரும். வூட்டுலயும் அப்டித்தான். கட்டுமரத்தாண்ட போயிட்டா காத்து கொண்டாந்து குடுத்துரும். நா எங்கயும் போவல மச்சான், கேட்டுகினுதான் இருந்தேன்."

இது உனக்குத் தெரியுமா அக்கா? தெரிந்துதான் சிரித்தாயா, தெரியாமலே போய்விட்டாயா?

இருந்தாலும் என் காதாலும் கேட்டுவிடலாம் என்று முதலியாரை வாசிக்கச் சொல்லி நானும் வாசலுக்குப் போனேன். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு விரல்பிடிதான். அதுவே போதுமாயிருந்தது. மாமா சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை. பெரியதை நானே மேஜையில் திருப்பி வைத்தேன்.

போன ஞாயிறு மதியம் அதைக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். தடித்த கழுத்துக்கு என் கை இன்னும் பழகவில்லை, கட்டைவிரல் கடுத்தது. நீ கடைசியாகப் பாடிய மாதா பாட்டைத் தொடங்கினேன். நீ எடுக்கும் இடம் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது.

அப்போது மாமா பாடினார்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். கட்டுமரத்தை மணலில் இழுப்பது போன்ற குரல். உன் சுருதி அவருக்கு எட்டவே இல்லை. நான் கீழே இறங்கினேன், அதற்கும் கீழே இறங்கினேன். ஓரிடத்தில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். நான் மறந்துபோன இரண்டாம் சரணம்கூட அவருக்கு வரிவரியாகத் தெரிந்திருந்தது. மீன்கூடையோடு போன அவர் தம்பி பெண்டாட்டி தெரேசா வாசலில் நின்று, "இன்னா மாமா, நீங்களா பாடறது?" என்றாள். அவர் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, அதையும் துடைக்கவில்லை.

மறுநாள் விடியலில் அவர் தம்பிமாரோடு கட்டுமரம் ஏறினாராம். தெரேசா சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு வலையில் பெரிதாக ஒன்றும் விழவில்லையாம். விழாவிட்டால் என்ன?

ஈஸ்டர் பூசையில் பாட்டு வேண்டும் என்று கோயில் சாமியார் கேட்டிருக்கிறார். மாமா ஒப்புக்கொண்டார். உள்ளே, பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடப்போகிறார். அவர் தாளம் தப்பும் இடமெல்லாம் எனக்கு இப்போதே தெரியும். தப்பினால் நானும் கூடவே தப்பிப் பக்கத்தில் நிற்பேன், யாருக்கும் தெரியாது. உன் சுருதியில் வாசிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை அக்கா. வரும்வரை அவருடைய சுருதியில் இருக்கிறேன். அவரைத் தனியாகப் பாடவிடமாட்டேன். இது சத்தியம்.

உன் தம்பி,
உன் வீட்டுக்காரருக்கு மச்சானாக இருந்து இப்போது பக்கவாத்தியக்காரனும் ஆகிவிட்ட
அந்தோணி