மீன் விட்டாச்சு மாமா

என் அன்பான மாமா,

உங்கள் கடல்மீன் தொட்டியில் மீன் விட்டாச்சு. இரண்டு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. எஸ்.டி.டி. பூத்தில் நின்று தூத்துக்குடி மீன்காரரிடம் நீங்கள் சொல்லிவைத்த அதே ஜோடி. நீங்கள் போனது தெரியாமல் ரயிலில் அனுப்பிவிட்டார்.

கடல்தண்ணீரை நிரப்பிய அன்றைக்கே மீன் வேண்டும் என்றீர்கள். "மொதல்ல தண்ணி பழகட்டுங்க மாமா, இப்ப உட்டா செத்துப்போயிரும்" என்றேன். எதற்கும் பொறுமையில்லாத நான் அந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். தண்ணீர் பழகிவிட்டது. உங்கள் நெஞ்சுதான் அதுவரை தாங்கவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். அன்று விட்டிருந்தால் செத்துத்தான் போயிருக்கும்.

மீன் வந்தது கருமாதிக்கு முந்தின நாள். விடிந்தால் கருமாதி, வீடு நிறையச் சொந்தம். பந்தல்காரனிடம் பேசிவிட்டு உள்ளே வந்தால், உங்கள் பல்லடத்துப் பெரியப்பா தொட்டிக்குள் கை கையாகப் பொரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"கோயில் கொளத்துல போடறதில்லீங்களா மாப்ள? அவனுக்குப் புண்ணியஞ் சேரட்டுமுங்க."

"இது கொளமில்லீங்க! பொரி அழுகுனா தண்ணி வெசமாயிரும். கைய எடுங்க."

"எழவு ஊட்டுல நின்னு கத்தறான் பாரு, படிச்சவன்."

அரித்து எடுத்தும் பயனில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் தண்ணீர் பால்போல் கலங்கிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. மாற்றுவதற்குக் கடல்தண்ணீர் ஒரு கேன்கூட இல்லை. கருமத்தம்பட்டியில் கடலுக்கு எங்கே போவது? கேரளத்துப் பொன்னானிக்குத்தான். தூக்கமில்லாத கண்ணோடு வேன் சாவியை எடுத்தேன்.

"நானும் வாரேன்டா" என்றாள் அக்கா.

நீங்கள் போனதிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. தாண்டவும் கூடாதாம். உங்கள் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"மூணு மாசம் போகட்டும் அம்மணி. ஊரு என்ன பேசும்?"

"அதுவரைக்கும் மீனு உசுரோட இருக்குமுங்களா அத்தை?"

அத்தை உள்ளே போனார். காலி கேன்களை அவரே கொண்டுவந்து வேனில் வைத்தார். "பொழுதோட வந்துருங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மாமா, அக்கா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் எடுக்க அத்தனை முறை போனீர்களே, ஒருமுறை கூட்டிப்போயிருக்கக் கூடாதா? சண்டைக்குக் கேட்கவில்லை. களைப்பில் கேட்கிறேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கேனையும் அவளே நிரப்பினாள். என்னைத் தொடவிடவில்லை. திரும்பும்போது வாளையாறு எல்லை வரைக்கும் அழுதாள். அப்புறம், "பசிக்குதுடா" என்றாள். நீங்கள் போனபின் அவள் தானாகக் கேட்டுச் சாப்பிட்டது அன்றுதான்.

மீன்கள் உயிரோடு இருக்கின்றன. இரை இன்னும் சரியாக எடுக்கவில்லை. கரன்ட் போகிறது, ஃபில்டர் அடைக்கிறது, எனக்கு அலுத்துவிட்டது. மீனுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அக்காவுக்குத் தருகிறேன். இனி தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் வேனில் முன் சீட்டு அவளுக்குத்தான். ஊர் பேசட்டும்.

உங்கள் மச்சினன்,
சண்முகம்