பழைய பேருக்குப் போட்ட கடுதாசி

உடும்பஞ்சோலை
18-6-74

பெரியமுத்து அண்ணனுக்குத் தம்பி வீரபாண்டி எழுதுறது. அகளியில நீ சுகமா இருப்பன்னு நம்புறேன். தேவ கிருபையால சுகம்னு போன கடுதாசியில எழுதியிருந்த. இங்க கிருபையெல்லாம் இல்ல, மழை மட்டுந்தான்.

ஞானஸ்நானம் வாங்கியாச்சு, இனிமே தேவதாசன்னுதான் என்னையக் கூப்பிடணும், கடுதாசியும் அந்தப் பேருக்கே போடுன்னு கேட்டிருந்த. முடியாதுண்ணே. நீ சாராயத்த விட்ட, சந்தோசம். அதுக்காகப் பேரையுமா விடணும்? அந்தப் புதுப் பேருக்கு நான் தபால்தலை ஒட்ட மாட்டேன்.

முக்கியமான சேதி! போடியில பகுத்தறிவுக் கூட்டத்துல தோழர் அனல்மொழியன் பேசுனாரு. மலையிலருந்து நடந்தே இறங்கிப் போனேன். மூணு மணி நேரம், ஒரு வாய் தண்ணி குடிக்கல அந்த மனுசன்! நான் முன்வரிசை. பேச்சு முழுசும் எனக்கு மனப்பாடம். ஏலக்காத் தோட்டத்துல களை எடுக்கும்போது சத்தமாப் பேசிப் பாக்குறேன். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாக்கா, டேய், செடிக்குப் பகுத்தறிவு வந்துட்டா காய் பிடிக்காதுடான்னு சொல்லுது. பொம்பளைக எல்லாம் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

போன ஞாயித்துக்கிழமை உன் கூட்டத்து உபதேசியார் நம்ம லயத்து வீட்டு வரிசைக்கு வந்தாரு. கஞ்சிரா தட்டிப் பாட ஆரம்பிச்சாரு. விடுவனா? நான் எதிர்ப்பக்கம் காய்ப்பெட்டியக் கவுத்துப் போட்டு அது மேல ஏறிட்டேன். அவரு ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொன்னேன். ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிப்போச்சு. அம்மா சுக்குக் காப்பி போட்டு ரெண்டு டம்ளர்ல கொண்டாந்து, குடிங்கப்பா, குடிச்சிட்டுக் கத்துங்கன்னு குடுத்துச்சு. உபதேசியார், தாயே, ரட்சகர் உங்களையும் அழைக்கிறார்னாரு. அதுக்கு அம்மா சொன்னதக் கேளு. எங்க மாரியாத்தா யாரையும் வான்னு கூப்பிட்டதே இல்லய்யா, கூப்பிட்டா பொங்கச்சோறு பத்தாதேன்னுச்சு. அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு இருக்கு. ஏலக்கா உலத்துற ஸ்டோருல புகைக்குள்ளயே இருந்த நெஞ்சுல்ல. டிஸ்பென்சரியில மருந்து குடுக்குறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.

ஆனா ஒரு பேச்சு ஆரம்பிச்சிருக்கு. தான் செத்தா யாருடா கொள்ளிச்சட்டி தூக்குறதுன்னு கேக்குது. உன்னையக் கேட்டதுக்கு, அது எங்களுக்கு ஆகாதும்மான்னு சித்திரையில வந்தப்பவே சொல்லிட்டியாம். என்னையக் கேட்டுச்சு. நானும் சொல்லிட்டேன். செத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யார் வச்சாலும் தீ எரியும், ஊருக்கெல்லாம் சடங்கு வேணாம்னு சொல்லிட்டு நானே சட்டி தூக்கினா என் பேச்சுக்கு என்ன மரியாதைன்னேன். அம்மா, ரெண்டு ஆம்பளப் பிள்ளை பெத்தேன்னு மட்டும் சொல்லிட்டு உலையப் பாக்கப் போயிருச்சு.

நீ மூத்தவன். முறைப்படி உன் வேலைதான். உங்க பாஸ்டரு விடுறாரா பாப்போம்! ஒரு தடவ வந்துட்டுப் போ. உன்னையத் தேடுது.

தம்பி
வீரபாண்டி


உடும்பஞ்சோலை
12-7-74

தேவதாசன் அண்ணனுக்கு,

வீரபாண்டி எழுதுறேன். நின்னுக்கிட்டு இருந்தா உக்காந்துக்கண்ணே. இதுக்குள்ள இன்னொரு கடுதாசி வச்சிருக்கேன். அதப் போன மாசமே போட்டேன். பழைய பேருக்குப் போட்டேன். முந்தாநாள் திரும்பி வந்துருச்சு. மேல சிவப்பு மையில மலையாளத்துல கிறுக்கியிருந்துச்சு. கணக்கப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு, இந்தப் பேருல அங்க ஆளு இல்லையாம்.

அம்மா போயிருச்சுண்ணே. ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை காலையில. ராசாக்காட்டுப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கிடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்ட ஜீப்பு சுத்தி வந்து சேர்ந்தப்ப அம்மாவை ஏத்த வேண்டிய தேவையில்லாமப் போச்சு.

அதுக்கு முந்தி பத்து நாளா தினமும், பெரியவன்கிட்டருந்து கடுதாசி வந்துச்சாடான்னு கேட்டுக்கிட்டே கிடந்துச்சு. கடைசி மூணு நாளு, வந்துருச்சும்மா, அண்ணன் கிளம்பிட்டான்னு சொன்னேன். பொய்தான். பொய் சொல்றவங்களத் தோலுரிக்கிறதுதான் என் வேலைன்னு பெட்டி மேல ஏறி நின்னு சொன்னவன் நான்.

அம்மா போனதுமே தந்தியும் குடுத்தேன். ஆபீசுல பேரு கேட்டாங்க. பெரியமுத்துன்னேன். அப்ப வீம்பு இல்லண்ணே, சத்தியமா இல்ல. ரெண்டு நாளா அம்மா முனகுன பேரு அதுதான், அதுதான் வாயில வந்துச்சு. அதுவும் உன் கைக்கு வரல போல.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம். ரோட்டுல பஸ் நிக்கிற சத்தம் கேக்குறப்பல்லாம் கங்காணி என்னையப் பாப்பாரு. நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வருவேன். அஞ்சு பஸ் வந்துச்சு. இதுக்கு மேல தாங்காதுடா தம்பின்னு கங்காணிதான் சொன்னாரு. விறகெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. ஸ்டோருல காய் உலத்த வச்சிருந்த காஞ்ச விறக மேனேஜர்கிட்டச் சொல்லி எடுத்துக் குடுத்தாரு.

தூக்குற நேரத்துல, யாருப்பா சட்டி தூக்குறதுன்னு கேட்டாங்க. நான் சட்டையக் கழட்டிட்டேன். நம்பு. கழட்டிட்டு ரெண்டு எட்டு வச்சேன். சுருளியம்மாக்கா குறுக்க வந்து நின்னுச்சு. வேணாம்டா, உங்கம்மா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு, சின்னவன் ஊரு முன்னால இத்தனை பேசிட்டான், எனக்காக அவன் தலை குனிய வேணாம், பெரியவனுக்கும் அவன் சபையில பேரு கெட வேணாம், நீ தூக்கிருடின்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சுன்னுச்சு.

பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதாவதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. அக்கா திரும்பி, பெத்த ரெண்டும் ஊரத் திருத்தப் போயிருச்சு, மிச்சம் இருக்குறது நான்தான், ஆகாதுன்னு சொல்றவரு வந்து தூக்கட்டும், குடுத்துர்றேன்னுச்சு. ஒருத்தரும் வரல.

அக்கா கையில இருந்து சட்டிய நான் வாங்கியிருக்கணும்ல? போடியிலருந்து மூணு தோழர்மாரு மாலையோட வந்திருந்தாங்க. அவங்க என்னையவே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் அவங்களப் பாத்தேன். அவ்வளவுதான், அதுக்குள்ள அக்கா சட்டியோட முன்னால நடந்துருச்சு. கழட்டுன சட்டை கையில இருக்க, மழையில நான் பின்னால போனேன்.

எரியும்போது ஒரு தோழரு என் முதுகுல தட்டி, பொம்பளையே கொள்ளி வச்ச புரட்சி, உங்கம்மா சாவுலயும் மூடநம்பிக்கைய ஒழிச்சிருக்காங்க, அடுத்த கூட்டத்துல நீ இதப் பேசணும்னாரு. அந்த ஞாயித்துக்கிழமை உபதேசியார் வந்தாரு. நல்ல மனுசன், கண்ணு கலங்கித்தான் பேசுனாரு. ஆனா அவரு சொன்னது என்னன்னா, அன்னிக்குத் தாயார் எனக்குக் காப்பி குடுத்தப்பவே உள்ளத்துல ரட்சகரை ஏத்துக்கிட்டாங்க, அது எனக்குத் தெரியும்னு. அம்மா இருந்திருந்தா ஏதாவது சொல்லி ரெண்டு பேரையும் சிரிக்க வச்சிருக்கும்.

தோழர்மாரு கூட்டத்துக்கு நான் போகல. இனிமே போவனா மாட்டேனா, அதுவும் தெரியல. சாமி இல்லேங்கிறதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் கிடையாதுண்ணே. அத அம்மாகிட்டச் சொன்னேன் பாரு, அதுதான் என்னைய விடமாட்டேங்குது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வந்து சேர முடியாது, தெரியும். இன்னொரு தந்தி குடுக்கலாம்னு போய் நின்னேன். நாலு வார்த்தையில இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் திரும்பிட்டேன்.

சாம்பல ஒரு கலயத்துல போட்டு வாய் கட்டி கூரை இறவாணத்துல தொங்கவிட்டிருக்கேன். கீழ இறங்கி சுருளி ஆத்துல கரைக்கணும். அக்கா தானே வர்றேங்குது. வேணாம்னுட்டேன். கலயத்த நான் தூக்கிக்கிறேன். நீ கூட நட, போதும். உன் ஜெபம் எதுவோ அத வாய்விட்டே சொல்லு. யாராவது ஏதாவது கேட்டா எங்கண்ணன் தேவதாசன்னு நானே சொல்றேன். வழியில நீ எனக்கு ஒண்ணும் சொல்லித்தர வேணாம், நானும் உனக்குச் சொல்லித்தர மாட்டேன்.

நெடுங்கண்டத்துலருந்து வர்ற எல்லா பஸ்ஸுக்கும் போய் நிக்கிறேன். கோவத்தோட வந்தாலும் சரி, அடிக்க வந்தாலும் சரி. வாண்ணே.

உன் கூடப்பொறந்தவன்
வீரபாண்டி