ஜூலை, ஆகஸ்ட் குழந்தைகள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. கரிந்த பாலின் மணம் யூனியன்வில் வீடு முழுக்க நிற்கிறது. இரண்டு யன்னல்களைத் திறந்துவிட்டு உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஏற்கனவே பதப்படுத்தி வரும் கடைப் பாலைக் காய்ச்சும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நீங்கள்தான் காய்ச்சுவீர்கள். பையை வெட்டிச் சட்டிக்குள் ஊற்றி, மூன்று தரம் பொங்கவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எடுப்பீர்கள். "கனடாவில பைப் பாலைக் காய்ச்சிற ஆள் நீங்கள் மட்டும்தான் அக்கா" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். நீங்கள் சிரித்துவிட்டுக் காய்ச்சிக்கொண்டே இருப்பீர்கள். நீங்கள் போனபிறகு நானும் காய்ச்சுகிறேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நாங்கள் சந்தித்ததே அந்த வேலையில்தான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நகரத்தில் இறந்தவர்களின் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. பெயர், வயது, தெரு, காரணம். காசநோய், தொண்டை அடைப்பான், நெருப்புக்காய்ச்சல், நிமோனியா. கழிவு கலந்த ஏரித் தண்ணீரைக் குடித்தவர்கள், ஒரே அறையில் எட்டுப் பேராய் இருமியவர்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாய் நிற்கும் இடத்தில் அன்று இருந்த குடிசைகளில், கோடை வந்தால் குழந்தைகள் சாகும். வெயிலில் கெட்ட பால், வயிற்றோட்டம், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

மாதங்களைப் பங்கிட்டவள் நான். ஜூலை, ஆகஸ்ட் பதிவுக் கட்டுகள்தான் தடித்தவை. நீங்கள் வேகமாகத் தட்டச்சுச் செய்வீர்கள் என்று அவற்றை உங்களிடம் தந்தேன். ஒரு வருடத்தின் கோடை முடிய அடுத்த வருடத்தின் கோடை. நான் ஜனவரிகளில் கிழவர்களின் நிமோனியாவோடு இருந்தேன். நீங்கள் ஒருநாளும் மாற்றித் தரக் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் சில நாட்களில் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள். உங்களுக்கு ஆபீஸ் சாப்பாட்டு அறை பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

பிறகு ஸ்காபரோ நூலகத்தில் எங்கள் சனங்களுக்கு அதைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். திரையில் வரைபடக் கோடு ஒன்றைக் காட்டினேன். தண்ணீரைச் சுத்தமாக்கினார்கள், பாலைக் காய்ச்சி விற்கச் சட்டம் போட்டார்கள், குழந்தைச் சாவு எப்படி விழுகிறது பாருங்கள் என்றேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்களை அஜின்கோர்ட்டில் இறக்கிவிட நான்தான் காரோட்டினேன். கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னீர்கள்.

"உந்தக் கோடு நல்ல வடிவா விழுது."

நான் நன்றி சொன்னேன். நீங்கள் வெளியே பார்த்தபடி தொடர்ந்தீர்கள்.

"என்ர மூத்ததும் உப்பிடித்தான். வயித்தோட்டம். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். சேலைன் இல்லை." பிறகு, "இஞ்ச செத்த குழந்தையளை ஆரோ இருந்து எழுதி வைச்சிருக்கினம். என்ர பிள்ளை பிறந்ததும் பதியேல்லை, செத்ததும் பதியேல்லை" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "இப்ப உதை யோசிச்சு என்ன அக்கா செய்யிறது?" என்றேன். அடுத்த மூச்சில், அடுத்த லைட்டில் லெஃப்டில் திரும்புவதா என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம், திரும்பும்" என்றீர்கள்.

ஆறுதலாக ஒருநாள் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். வேலை முடியட்டும், குளிர் போகட்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தேன். நீங்களும் பிறகு அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பங்குனிப் பனியில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தீர்கள். பேச்சு வரவில்லை.

மரண அறிவித்தலைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி உங்கள் மகன் கேட்டான். "இரு பிள்ளைகளின் பாசமிகு தாயாரும்" என்று எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் புதுக் கதை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். ரேடியோவில் அதை வாசித்தபோது நிறுத்திவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சடிக்கும் முன்னர், இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. மகனைத் தேநீர்க் கடைக்கு வரச்சொல்லி, உங்கள் மூத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணாவா, அக்காவா, அன்ரி?"

தெரியாது என்றேன்.

"அம்மா உங்களிட்ட சொன்னவதானே. நீங்கள் கேக்கேல்லையா?"

கேட்கவில்லை என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னான்.

அங்கிருந்தே கிளிநொச்சிக்கு உங்கள் தங்கைக்குப் போன் எடுத்தான். பெண் பிள்ளை என்றா அவ. ஆரணி என்று பெயர் என்றா. உங்கள் கணவரும் உயிரோடு இல்லாததால், லண்டனில் இருக்கும் அவருடைய அக்காவிடமும் கேட்டான். அவ அழுதுவிட்டு, துளசி என்றுதான் கூப்பிட்டதாகச் சொன்னா. இரண்டு பேரும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று நின்றார்கள். மலரில் "மூத்த மகள்" என்று மட்டும் போட்டான். பெயர் போட அவனுக்குத் துணிவு வரவில்லை. உங்களுக்கு மூன்று பிள்ளைகள் என்று அந்தியேட்டியன்றுதான் மண்டபத்தில் எல்லாரும் அறிந்தார்கள். உங்கள் மகள் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் மோட்ச அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு ஆரணி, துளசி என்றேன்.

"ரெண்டு பிள்ளையளோ?" என்றார்.

"ஒரு பிள்ளைதான் ஐயா. எந்தப் பேர் எண்டு தெரிஞ்சவவிட்ட நான் கேக்காமல் விட்டிட்டன்."

அவர் இரண்டு பெயர்களையும் சொல்லிப் பூப் போட்டார்.