தாழ்ப்பாள் போட்ட அறையில் ஓடும் சைக்கிள்

மரக்காணம்
22.1.2006

அன்புள்ள சத்யப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று வழக்கம்போல ஒரே வரியில் முடித்துவிடாமல், எப்படி இருக்கிறாய் என்று உள்ளதை உள்ளபடி எழுது. ஏன் கேட்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன். மழை விட்டுவிட்டது, உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். வரப்பில் போய் நிற்கவேண்டும் என்று அப்பாவுக்குக் கால் பரபரக்கிறது, ஆனால் நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்த பிறகு வெயிலில் அலையக்கூடாது, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நடு அறையில் அதைப் போட்டுக்கொண்டு மிதிக்கிறார். எங்கியும் போவாத சைக்கிளுக்கு எதுக்கு ஹேண்டில் பாரு என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உன் சிநேகிதி ஆஸிஃபா அங்கிருந்து ஊருக்கு வந்தபோது அவளிடம் நீ கொடுத்தனுப்பிய வயர் இல்லாத ஹெட்போன் வந்ததிலிருந்து அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. அதோடு வந்த கறுப்பு ஸ்டாண்டை டேப் ரெக்கார்டரில் சொருகிவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டால் அவருக்கு உலகம் வேண்டாம். தோட்டத்துக் கிணறு வரைக்கும் போய், பாட்டு கூடவே வருது பாரேன் என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஏங்க டீச்சரு, சாருக்குக் காதுல அடிபட்டுச்சா, கட்டு போட்டுக்கினு ஓட்டுறாரு என்று கேட்டாள். அந்தக் கேலிக்குக் கூச்சப்பட்டு அன்றிலிருந்து ஜன்னலையும் சாத்திக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட ஆரம்பித்தார். எனக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, அதில் குறை இல்லை. மற்ற எதுவும் கேட்காமல் போகிறதே, அதுதான் பயம். கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விருத்தாம்பாள் சந்தில் நின்று கத்தியதால்தான் நாங்கள் ஓடினோம், அவள் குரல் காதில் விழாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. வருஷம் திரும்பிவிட்டது, ஆனாலும் ரோட்டில் கனமாக ஒரு லாரி போனால்கூட என் கை வேலையை விட்டுவிடுகிறது.

பொங்கல் லீவில் ஒருநாள் காலை நான் கொல்லைப்புறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் மிதிக்கும் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்வரை எனக்கு நிம்மதி, வேலை செய்தாலும் ஒரு காது அங்கேதான் இருக்கும். அது திடீரென்று நின்றது. என்னங்க என்று கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன், பிறகு இரண்டு கையாலும் அடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள் இதையெல்லாம் பார்ப்பாளா என்று நீகூடக் கிண்டல் செய்வாய், பழக்கம் அப்படியே இருந்துவிட்டது. அன்றைக்கு ஆதிமூலம், ஆதிமூலம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். விருத்தாம்பாள் ஓடிவந்தாள், அவள் புருஷன் செல்லப்பன் கடப்பாரையோடு வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார். உள்ளே உன் அப்பா ஹேண்டில் பாரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், உடம்பெல்லாம் வேர்வை. நான் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் கடப்பாரையையும் பார்த்துவிட்டு, செயின் கழண்டுக்கிச்சு, பாட்டு முடியட்டும்னு உக்காந்துருந்தேன், இன்னாத்துக்குக் கதவ ஒடச்சீங்க என்றார். செல்லப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சரம்மா உங்க பேரச் சொல்லிக் கூப்ட்டது அளம் வரைக்கும் கேட்டுது, உங்களுக்குத்தான் கேக்கல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இறால் நாற்றம் பிடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கோடையில் வரும் சைக்கிள் போட்டிக்காகப் பனிக்காலம் முழுக்க அறைக்குள்ளேயே ஓட்டிப் பழகுகிறேன், எனக்கும் அப்பாவுக்கு அனுப்பிய அதே ஹெட்போன்தான் என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், போகிறபோக்கில், ஒருநாள் தலை சுற்றிக் கண் இருட்டிவிட்டது, இறங்கிக் கொஞ்சநேரம் தரையில் படுத்திருந்தேன், அப்பாவிடம் சொல்லாதே என்றும் எழுதியிருந்தாய். சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதம் வந்த அன்று உனக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, சைக்கிள்ல இருந்தேம்மா, காதுல விழல என்றாய். இங்கே நான் கத்தினால் ஓடிவர ஆள் உண்டு. உன் கதவுக்கு வெளியே செல்லப்பன் இல்லை. நீ விழுந்து கிடந்தால் உனக்காகக் கத்துவதற்கே அங்கே யாரும் இல்லை. இதை நினைத்தால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடுகிறது.

ஓட்டாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டாய். முதலில் டாக்டரிடம் போய் ரத்தம் பரிசோதித்துக்கொள். வெறும் வயிற்றில் ஏறாதே. கதவை உள்ளே பூட்டாதே, பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல்லிவை. ஒரு காதையாவது திறந்து வைத்துக்கொள். அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். பெயர்த்த தாழ்ப்பாளைத் திரும்ப வைக்க நான் விடவில்லை, மிதித்து முடித்ததும் உள்ளேயிருந்து ம் என்று ஒரு குரல் கொடுக்கிறார்.

உன் சாயங்காலம் எங்களுக்குக் காலை, நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில்தான் மிதிக்கிறீர்கள். நீ இறங்கியதும் இந்த வீட்டுப் போனுக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடு. நான் எடுக்கமாட்டேன், பேசவேண்டாம். அவருடைய ம் கேட்டுவிட்டு உன் ரிங்குக்காகக் காத்திருப்பேன். அதுவும் கேட்ட பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்கவேண்டும். மறந்துவிடாதே, ஒரு ரிங்.

உன் அன்பு அம்மா,
மலர்கொடி