முடியும் என்று சொல்லித் தொலைத்தேன்

மார்ச் 3, செவ்வாய்
உதவித்தொகை விண்ணப்பம் பதினேழு பக்கம். 'மாற்றுத்திறனாளி' என்ற கட்டத்தில் டிக் போடவே எனக்கு அரை மணி நேரம். இருபத்தாறு வருடம் பி.டி. டீச்சர். வயிற்றுவலி என்று வந்த பிள்ளைகளை எல்லாம் "நடிக்காதே, இன்னொரு ரவுண்டு ஓடு" என்று விரட்டியவள். இப்போது என் வலி நடிப்பில்லை என்று நான் எழுதித் தர வேண்டும். அந்தப் பிள்ளைகள் பார்த்தால் விசில் அடிப்பார்கள்.

விண்ணப்பத்தில் மீதியை எல்லாம் எழுதியது தங்கை. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு என் வலது கை பேனாவை மதிப்பதில்லை. இந்த நோட்டில் கிறுக்குவது இடது கை.

அவளுக்கு வெளியூர் லேபில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். இந்தத் தொகை வந்தால் துணைக்கு ஓர் ஆளை வைத்துவிட்டுப் போவாள். வராவிட்டால் போகமாட்டாள். கேட்டால், "அதை அப்புறம் பாக்கலாம்க்கா" என்கிறாள்.

மார்ச் 11, புதன்
மருத்துவப் பரிசோதனை. தங்கையும் உள்ளே வரப் பார்த்தாள். "நீ வெளியே உக்காரு, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்றேன்.

டாக்டர் சின்னப் பையன். "கையை மேல தூக்குங்க" என்றான். அது என் வசனம்! உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"தலை நீங்களே வாரிக்குவீங்களா?"

"ஓ!"

"குளிக்கறது?"

"தாராளமா."

"மாடிப்படி?"

"மெதுவா ஏறிடுவேன் டாக்டர்."

அவன் கைதட்டாததுதான் குறை. வெளியே வந்து, "பிரமாதமா பண்ணிட்டேன்" என்றேன். தங்கை ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 12
கை தூக்கியதன் பலன்: படுக்கை. சாப்பாடு அவள் ஊட்டித்தான்.

ஏப்ரல் 2, வியாழன்
கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். துணை தேவையில்லை. தகுதி இல்லை.'

படித்ததும் எனக்கு முதலில் வந்தது — எழுதவே வெட்கமாக இருக்கிறது — கொஞ்சம் பெருமை. பரீட்சையில் பாஸான மாதிரி.

தங்கை இரண்டு தடவை படித்தாள். "குளிப்பாட்டுறது யாரு? தலை வாரி விடுறது யாரு? எட்டு மாசமா நான் இங்க என்னக்கா பண்ணிட்டிருக்கேன்?"

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டாள். என் துணிதான்.

சனியன் பிடிச்ச வாய்! 'ஓ'வாம் 'ஓ'! யார்கிட்ட காட்டணும் என் வீரத்தை? அவளோட எட்டு மாசத்தையும் இல்லைன்னு ஆக்கிட்டேனே.

ஏப்ரல் 9
உதவித்தொகை அலுவலகம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம், அதில் ஏழு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதிலேயே போயிற்று. மூன்றாவது ஜன்னலில் இருந்த கண்ணாடிக்காரம்மாதான் புரியவைத்தார்.

"ஒரு தடவை முடியுதாங்கறது கேள்வியே இல்லம்மா. தினமும் முடியுதா? யார் துணையும் இல்லாம முடியுதா? செஞ்சு முடிச்சா அடுத்த வேலைக்கு உடம்பு வருதா? உங்க நல்ல நாளைச் சொல்லாதீங்க. மோசமான நாளைச் சொல்லுங்க."

"இதை விண்ணப்பத்துலயே போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கு. பதினாறாம் பக்கம், அடியில, பொடி எழுத்துல."

ஏப்ரல் 10
மோசமான நாளை எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் எழுதியது: 'சற்றுச் சிரமமாக உள்ளது.' பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

ஏப்ரல் 28, செவ்வாய்
மேல்முறையீட்டு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த முறை தங்கையும் உள்ளே.

நடுவில் இருந்த டாக்டரம்மா கேட்டார்: "தனியா இருக்கும்போது விழுந்திருக்கீங்களா?"

'இல்லை' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தங்கையைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாது, அதனால் அவளும் 'இல்லை' என்றுதான் சொல்வாள்.

சொல்லிவிட்டேன். நாலு தடவை. எல்லாம் அவள் கடைக்குப் போன நேரத்தில், குளியலறையில். எழுந்திருக்க முடியாமல் ஊர்ந்து ஊர்ந்து கூடத்துக்கு வந்து, கேட் சத்தம் கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். ஏன் தரையில் என்று அவள் கேட்டால், "குளுகுளுன்னு இருக்குடி" என்பேன்.

விசாரணை முடிந்து வெளியே வரும்போது வாசலில் தங்கை நின்றுவிட்டாள். "குளுகுளுன்னு இருக்குன்னு சொன்னியேக்கா... நான் எங்கயும் போகல. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பொய் சொன்னேன், தொகை போயிற்று. உண்மையைச் சொன்னேன், தங்கை போகமாட்டேன் என்கிறாள். நான் தொட்டது எதுதான் துலங்கியது?

மே 19
கிடைத்துவிட்டது. துணையாளுக்கான படியும் சேர்த்து. தங்கை கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தாள். பெட்டியை எடுக்கவில்லை.

"பக்கத்துல இருக்கும்போதே நாலு தடவை மறைச்சே. நான் அங்க போயிட்டா எத்தனை மறைப்பே?"



மே 31
கிளம்பினாள். தினமும் காலையில் போன் செய்வாள், நான் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தச் சத்தியத்தின் பேரில்தான். துணைக்கு வந்திருக்கும் அம்மா என்னைவிட உயரம், என்னைவிட அதட்டல். வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ஜூன் 8, திங்கள்
காலையில் போன். "எப்படிக்கா இருக்கே?"

"முடியலடி. விடிஞ்சதுலேர்ந்து கால் மரத்துக் கிடக்கு. குளிக்கப் போய் சரிஞ்சிட்டேன். அந்த அம்மாதான் தூக்கி உக்கார வெச்சாங்க."

போச்சு, மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா இல்லடி."

"சரிக்கா. பஸ் வந்துடுச்சு, சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.