வலக்கை மட்டும் சிவந்த நண்டு

மாத்தளை
2025 ஜூலை 6

அன்புள்ள ஸக்கரியா மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வாட்ஸ்அப்பில் என்னை ப்ளொக் செய்துவிட்டீர்கள், அதனால் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். உங்கள் தலையை நண்டு உடம்பில் ஒட்டிக் குடும்பக் குரூப்பில் போட்டது தப்புதான். அந்த நண்டிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

“எல்கடுவ மலையில் புதிய மரநண்டு: பேராசிரியர் ஸக்கரியாவின் அரிய கண்டுபிடிப்பு.” உம்மா அதை வெட்டி, சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் தன் அண்ணனை “எங்க நானா” என்று காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுக்கிறார். நண்டுக்கு பஹ்மிதா மாமியின் பெயராம். மாமி நண்டை ஆணச் சட்டியில் தவிர வேறெங்கும் சந்தித்ததில்லையே!

மாமா, ஏப்ரல் மாதம் நண்டு இருந்த மரத்தை உங்களுக்குக் காட்டியது யார்? என் வகுப்புத் தோழி மதுஷிகாவின் அம்மா, மதலேனா அன்ட்டி. தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை. பொந்துத் தண்ணீருக்குள் அந்தக் கையை விட்டு இரண்டு நண்டை எடுத்து உங்கள் போத்தலில் போட்டார். ஒன்று பெருவிரலைக் கவ்வியதில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நான் அன்றைக்கு டியூஷனில் இருந்தேன், ஆனால் மதுஷிகாவும் அவள் அப்பா ஒஸ்வல்டும் அங்கேயே நின்றார்கள். “இந்த நண்டுக்கு உங்க பேர்தான் வைப்பேன்” என்று நீங்கள் சொன்னதை இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். அன்ட்டி அதைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். இப்போது பத்திரிகையும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கட்டுரை இன்னும் சஞ்சிகையில் அச்சாகவில்லை என்று செய்தியின் கடைசி வரியில் இருக்கிறது. அச்சாகும்வரை பெயரை மாற்றலாமாமே. மாற்றிவிடுங்கள். பேராசிரியர் என்ற சொல்லில் பேராசைக்கு முக்கால்வாசி வந்துவிடுகிறது, மீதியையும் நீங்கள் நிரப்ப வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகள்,
றிஸ்மியா

கொழும்பு
2025 ஜூலை 15

அன்பு மருமகள் றிஸ்மியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. பதினாறு வயதில் நாக்கு வளர்கிற வேகத்துக்கு மூளையும் வளர்ந்தால் நன்றாயிருக்கும்.

லின்னேயஸ் உயிர்களுக்கெல்லாம் பெயரிடும் முறையை வகுத்தார். டார்வின் இருபது வருடம் பொறுத்திருந்து ஒரு நூலை வெளியிட்டார். மெண்டல் எட்டு வருடம் பட்டாணிச் செடிகளோடு கிடந்தார். வொலஸ் காய்ச்சலில் நடுங்கியபடி தீவு தீவாக அலைந்தார். விஞ்ஞானம் என்பது இதுதான். பொந்துக்குள் கையை விடுவது விஞ்ஞானம் அல்ல, அதைக் குரங்கும் செய்யும். மரத்தைக் காட்டியவருக்கெல்லாம் பெயர் வைப்பதென்றால், என்னை ஏற்றிச் சென்ற பஸ் சாரதிக்கும் ஒரு நண்டு வேண்டும்.

அன்றைக்குச் சொன்னது வேலையாட்களை உற்சாகப்படுத்தச் சொல்லும் வார்த்தை. அதைப் பத்திரமாக முடிந்து வைத்திருப்பது அவர்களுடைய அறியாமை.

உம்மாவுக்கு ஸலாம் சொல்.

பேராசிரியர் எம். ஐ. எம். ஸக்கரியா
பீ.எஸ்ஸி., எம்.பில்., பீஎச்.டீ.

மாத்தளை
2025 ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தைவிடக் கையெழுத்துக்குப் பின்னால் தொங்கும் வால் நீளமாக இருக்கிறது. குரங்கு என்று நீங்கள் எழுதியதால் இதைக் கவனித்தேன், இல்லாவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

நீங்கள் பெயர் சொல்லி மிரட்டிய பெரியவர்களைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். பறவையின் தோலை உரித்துப் பாடம் பண்ண டார்வினுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜோன் எட்மன்ஸ்டன். அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பு மனிதர். டார்வின் அவரிடம் காசு கொடுத்துப் படித்தார். இனிமையானவர், அறிவாளி என்று சுயசரிதையில் எழுதினார், பெயரை மட்டும் விட்டுவிட்டார். இந்த விஷயத்தில் நீங்கள் டார்வினுக்குச் சமம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் “அறிவாளி” என்றாவது எழுதினார். நீங்கள் குரங்கு என்கிறீர்கள்.

வொலஸோடு தீவு தீவாக அலைந்தவர் அலி என்ற மலாய்ப் பொடியன். வொலஸ் அவன் பெயரையும் எழுதினார், படத்தையும் புத்தகத்தில் போட்டார். உங்கள் லின்னேயஸ், தன்னைத் திட்டியவரின் பெயரை ஒரு களைச் செடிக்கு வைத்தாராம். என் மேல் கோபம் தாங்காவிட்டால் எனக்கும் ஒரு களை வையுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். நண்டை மட்டும் அன்ட்டிக்குக் கொடுங்கள்.

போன ஞாயிறு எல்கடுவ போனேன். அன்ட்டி கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “சேருக்கு ஆயிரம் வேல இருக்கும் புள்ள, மறந்திருப்பாரு” என்றார். பக்கத்து வீட்டு நாகமுத்து அக்காதான் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, “என்னா மதலேனா, ஒன் நண்டு கொழும்புக்குப் போயி பேர மாத்திக்கிச்சாமே?” என்று சிரிக்கிறார். அன்ட்டியும் கூடச் சிரிக்கிறார். கூடையைத் தலையில் மாட்டும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உங்கள் மருமகள்,
றிஸ்மியா

கொழும்பு
2025 ஓகஸ்ட் 2

றிஸ்மியாவுக்கு,

உன் கடிதங்களை உன் உம்மா போனில் முழுக் குடும்பத்துக்கும் வாசித்துக் காட்டுவதாக அறிந்தேன். இந்த இரைச்சல் நிற்க வேண்டும்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அன்று கொண்டுவந்த இரண்டு நண்டுகளில் ஒன்று வேறு இனமாக இருக்க வாய்ப்புண்டு. அதன் வலது கொடுக்கு மட்டும் செம்மஞ்சள். படம் இத்துடன் இருக்கிறது. அந்த இனத்துக்கு மதலேனாவின் பெயரை லத்தீனில் வைக்கிறேன். அந்தப் பெண்ணால் அதை வாசிக்க முடியாதென்றாலும் வைத்திருந்து மகிழலாம். முதல் நண்டு பஹ்மிதாவுக்குத்தான்.

ஓகஸ்ட் 30 அன்று மாத்தளையில் எனக்குப் பாராட்டு விழா. தோட்டத்தார் சார்பில் அவரே மாலை போட வேண்டும். கொழுந்துக் கூடையோடு வந்தால் படத்துக்கு நன்றாயிருக்கும்.

ஸக்கரியா

மாத்தளை
2025 ஓகஸ்ட் 12

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்த அன்றே, படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், மதுஷிகாவுக்குப் போன் எடுத்துவிட்டேன். அந்த அவசரம்தான் இப்போது என்னைக் கொல்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் கோயிலிலேயே அறிவித்துவிட்டார். ஒஸ்வல்ட் அங்கிள் லயம் முழுக்க டொஃபி கொடுத்தார். மதுஷிகா வீட்டுச் சுவரில் அம்மாவின் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதி, கீழே ஒரு நண்டையும் வரைந்தாள். நாகமுத்து வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நண்டு ஒன்னயப் போலவே இருக்குடி” என்று சொல்லிப் போனாராம். அன்ட்டி மாலைக்குப் பூவும் சொல்லி வைத்துவிட்டார்.

இனி எழுதப்போவதில் பகிடி கிடையாது.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வட்டிலப்பம் கொடுக்க மதுஷிகா வீட்டுக்குப் போயிருந்தேன். அரைத்த மருதோன்றி மிச்சம் இருந்ததால் அதையும் கொண்டுபோனேன். அவள் கை சிவக்கப் போட்டோம். பிறகு, பெருநாளுக்கு நண்டுக்கும் போடலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த மரப் பொந்திலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு ஈரத்துணியில் அசையாமல் சுற்றி, ஒரு மணித்தியாலம் வைத்திருந்தோம். வலது கொடுக்கோடு மருதோன்றி தீர்ந்துபோனது. கழுவித் திரும்பப் பொந்திலேயே விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள்.

நேற்றுத்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அது புது இனம் இல்லை, மாமா. என் கைவேலை.

சொல்லாமல் இருந்தால் அன்ட்டிக்குப் பெயர் இருக்கும், ஆனால் என்றைக்காவது ஒருவர் அது மருதோன்றி என்று கண்டுபிடிப்பார். அன்றைக்குச் சிரிக்கப்போவது நாகமுத்து மட்டுமாக இருக்காது. அதனால் சொல்லிவிட்டேன். என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள். உண்மையான நண்டை அன்ட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சி நீங்கள் பார்த்ததில்லை.

அன்புடன்,
றிஸ்மியா

கொழும்பு
2025 ஓகஸ்ட் 16

றிஸ்மியாவுக்கு,

முப்பது வருடம் நண்டு பார்த்தவனுக்கு நீ மருதோன்றியைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்.

முதல் நாளே தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் ஓட்டின் மேலே மட்டும் கறை, அதில் ஒரு துணி நூலும் ஒட்டியிருக்கிறது. அதை யாரும் அச்சிடப் போவதில்லை. விழா முடியும்வரை உன் வாயை மூட ஒன்று தேவைப்பட்டது, கொடுத்தேன். நீங்கள் கேட்டது ஒரு பெயர். அதற்குக் கீழே நண்டு ஒன்று இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே.

ஒரு வேலை இருக்கிறது. என்னிடமுள்ள இரண்டும் ஆண். பெண் நண்டு இல்லாமல் கட்டுரையை ஏற்க முடியாது என்று சஞ்சிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லா மரமும் ஒன்றுபோல இருப்பதால் அந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை. விழாவுக்கு முதல் நாள் வருவேன், மதலேனாவை மரத்தைக் காட்டச் சொல். மற்ற விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஸக்கரியா

மாத்தளை
2025 ஓகஸ்ட் 24

பேராசிரியர் ஸக்கரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எல்கடுவ கொண்டுபோய் மதலேனா அன்ட்டிக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். மருதோன்றி என் வேலை என்பதை முதலில் சொன்னேன். “நீ வெளையாட்டுக்குச் செஞ்ச, வந்து சொல்லிட்ட” என்று மட்டும் சொன்னார். பிறகு உங்கள் வரி ஒன்றை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். “பேருக்குக் கீழ நண்டு வேணும்னு நாங்க கேக்கலையாமா?” என்றார். எழுந்து போய், ஈரத்துணியால் சுவரிலிருந்த நண்டை மட்டும் துடைத்தார். பெயரையும் துடைக்கட்டுமா என்று மதுஷிகா கேட்டாள்.

“அத விடு. அது எங்கப்பன் எனக்கு வச்ச பேரு. அந்த சேரு குடுத்ததில்ல.”

மரத்தைப் பற்றியும் கேட்டேன். அன்ட்டி கூடையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு மறந்துபோச்சு புள்ள. அவரு பெரிய படிப்புப் படிச்சவரு, தேடிக்குவாரு.” ஒஸ்வல்ட் அங்கிளுக்கும் மறந்துவிட்டதாம். நாகமுத்துவைக் கேட்டேன், மரம் என்றால் என்ன என்றே மறந்துவிட்டதாகச் சொன்னார். இப்போது அவரும் அன்ட்டியும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

விழாவுக்குச் சொல்லிவைத்த பூ மாதா சுரூபத்துக்குப் போய்விட்டது. உங்கள் கடிதத்தை உம்மாவும் வாசித்தார். முன்னறைச் சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்த உங்கள் செய்தியை எடுத்துவிட்டுத் துடைத்தார். இனி அதில் என் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வருமாம். அது வரும்வரை சட்டம் வெறுமையாகவே இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத சட்டம், கீழே நண்டு இல்லாத பெயர் மாதிரி, உங்களுக்குப் பழக்கம்தானே.

இத்துடன் மருதோன்றித் தூள் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். பெண் நண்டு கிடைக்காவிட்டால் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். இந்தத் தடவை இரண்டு கைக்கும் போதும்.

றிஸ்மியா